செம்மரத்துக்குக் காவல் இருக்கிறது, பாறைமேல் இருக்கிற உயிருக்கு?

செம்மரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடத்தல், கைது, ஏலம். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 தமிழகத் தொழிலாளர்கள் இறந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். சர்வதேச வணிகத்துக்கு 1995 முதல் சைட்ஸ் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) கட்டுப்பாடு. கட்டாயம் வேண்டிய பாதுகாப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் காட்டுப் பாறைகளை யாராவது உற்றுப் பார்க்கிறோமா? சாம்பலும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கிறதே, அது அழுக்கல்ல, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். (செட்டிநாட்டு மசாலாவில் போடுகிற கல்பாசியும் இந்த வகையறாதான். அதை யாரும் பயிரிடுவதில்லை, காட்டிலிருந்து எடுத்து வருவதுதான்.)

செம்மரம் மெதுவாக வளரும் என்பார்கள். உண்மைதான், வைரம் பாயவே பல பத்தாண்டுகள் ஆகும். ஆனாலும் வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். விதை போட்டு நாற்றங்காலில் கன்று எடுக்கலாம், பட்டா நிலத்தில் வளர்க்கிற விவசாயிகளும் இருக்கிறார்கள். பாறையோடு ஒட்டிக் கிடக்கும் லைக்கன்களில் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் படராது. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று நம் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம். அதற்கு நாற்றங்கால் கிடையாது. பூஞ்சையின் வித்து போய் விழுகிற இடத்தில் அதற்கேற்ற பாசியும் இருந்தாக வேண்டும்.

2005இல் சில பாறை லைக்கன்களை விண்வெளிக்கு அனுப்பி இரண்டு வாரம் வெட்டவெளியில் வைத்தார்கள். திரும்பி வந்து ஈரம் பட்டதும் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிட்டன. அப்பேர்ப்பட்ட உயிரும் பாறைக்கு வெடி வைத்தால் போச்சு. பெயின்ட் அடித்தாலும் போச்சு. மணாலி–ரோத்தாங் சாலைப் பாறைகளில் குளிர்பான விளம்பரம் வரைந்ததை 2002இல் உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. நம்மூர்ப் பாறைகளில் கட்சிச் சின்னமும் சாமி பெயரும் எழுதியதைப் பார்த்து நமக்குப் பழகியேவிட்டது.

"மனுஷன் செத்துக்கிட்டிருக்கான், பாசிக்குப் போய்ப் பதிவா" என்று ஒருவர் கமென்ட் போடுவார், தெரியும். சேஷாசலத்தில் அந்த மனிதர்கள் செத்ததும் மரத்தின் விலையால்தானே? லைக்கனுக்கும் விலை வரட்டும் என்று நான் கேட்கவில்லை. குவாரிக்கு அனுமதி கேட்டுத் தயாராகும் சுற்றுச்சூழல் அறிக்கைகள் சிலவற்றைப் புரட்டியிருக்கிறேன். மரம், பறவை, பாம்பு எல்லாம் பட்டியலில் வருகிறது. உடைக்கப்போவது பாறையை. அதன்மேல் என்ன வாழ்கிறது என்று ஒரு வரி இல்லை. ஆள் இல்லாமலா? லக்னோவில் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் லைக்கனுக்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.