அது ஊசியால அடுக்குனது இல்லண்ணே

அண்ணே, பாண்டி ஸ்கூல் எக்ஸிபிஷன்ல வெச்சிருந்த, தேன்கூடு மாதிரி தெரியற மூலக்கூறு படத்தைப் போட்டு "மூலக்கூறை ஒவ்வொண்ணா ஊசியால நகத்தி அடுக்குனது, அதனால இது லேபோட சரி"ன்னு எழுதியிருக்கீங்க, அது தப்புண்ணே. நீங்க சொல்ற வேலை வேற, 1989ல ஐபிஎம்ல டான் ஐக்லர் 35 செனான் அணுவைத் தள்ளித் தள்ளி கம்பெனி பேரை எழுதினாரே, அது. அதுக்கு 4 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரு வேணும்.

இந்தப் படத்துல இருக்கறது ட்ரைமெசிக் ஆசிட்ங்கற கார்பன் சேர்மம். கிராஃபைட் மேல செலோடேப் ஒட்டி உரிச்சா புதுசா சுத்தமான பரப்பு கிடைக்கும், அதுல இந்த ஆசிட்டை நோனனாயிக் ஆசிட்ங்கற எண்ணெய் மாதிரி திரவத்துல கரைச்சு ஒரு சொட்டு விட்டா போதும், சாதா ரூம் சூட்டுலயே மூலக்கூறுங்க தானா வந்து படுத்து, மூணு பக்கமும் இருக்கற கார்பாக்சில் (COOH) குரூப்பால ஒண்ணையொண்ணு ஹைட்ரஜன் பிணைப்புல புடிச்சுக்கிட்டு, நடுவுல சுமார் 1 நானோமீட்டர் ஓட்டை விட்டு அறுகோணமா செட் ஆயிடும். அந்தப் பிணைப்பு வீக்கா இருக்கறதுதான் இங்க விஷயமே, தப்பா ஒட்டினது கழண்டு வந்து மறுபடி சரியான இடத்துல ஒட்டும், ஒரேயடியா கெட்டியா புடிச்சிருந்தா கன்னாபின்னான்னுதான் நிக்கும். எஸ்டிஎம்ங்கற, அணுவையே காட்டற நுண்ணோக்கியோட ஊசி இங்க பாக்கறதுக்கு மட்டும்தான்.

லேபோட சரியும் இல்ல, தங்கத்து மேல தயால்ங்கற கந்தகம் இருக்கற மூலக்கூறு தானா ஒரே அடுக்கா நிக்கறதை வெச்சு உயிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கற பயோசென்சர் சிப்பே பண்றாங்க. கடலூர்ல இருந்தெல்லாம் ப்ளஸ் டூ பசங்க இதைப் படிக்கறாங்க, தயவுசெஞ்சு போஸ்ட்டை மாத்திடுங்கண்ணே.