கண்ணாடிய விட்டுட்டு மேடையையும் கொஞ்சம் எடுங்கப்பா

சீனங்களோட ஏழாம் மாசம், அதான் ஆவிங்க வர்ற மாசம், பொறந்துட்டா போதும், சிங்கப்பூர் போட்டோ குரூப் எல்லாத்துலயும் ஒரே படம்தான். வாயாங் மேடைக்குப் பின்னாடி ஒரு வயசான அம்மா, கையில பிரஷ், முன்னாடி சின்னக் கண்ணாடி, பாதி மேக்கப், பிளாக் அண்ட் ஒயிட், கீழ "அழிந்து வரும் கலை"ன்னு ஒரு வரி, அதுக்கு வரிசையா ஹார்ட். அந்தம்மா பேரு என்ன, எந்த ட்ரூப், அன்னைக்கு என்ன கதை, ஒண்ணும் இருக்காது. நானும் கேமரா தூக்கிட்டுத் திரியுற ஆளுதான், அந்த உரிமைல சொல்றேன், இந்தப் படம் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு.

(வெளியூர்க்காரங்களுக்கு: கோயில் பக்கத்துலயும் அடுக்குமாடி புளோக்குக்கு நடுவுல இருக்குற திடல்லயும் மேடை கட்டி ஆடுற சீன ஓபராவத்தான் இங்க வாயாங்னு சொல்றோம். ஹொக்கியன், டியோசூ, கான்டனீஸ்னு ட்ரூப்புக்கு ஒரு பாஷை.)

மேடைக்குப் பின்னாடி அழகு இல்லன்னு சொல்ல வரல. நெத்திய சுத்தி துணிய இழுத்துக் கட்டுறப்ப புருவ ஓரம் அப்படியே மேல ஏறும் பாருங்க, அந்தக் கட்டோட ரெண்டு மூணு மணி நேரம் பாடணும், தலைவலி வராம இருந்தாத்தான் அதிசயம். ஒரு மூலைல அவங்க தொழில் தெய்வத்துக்கு ஊதுபத்தி எரியும், டிரஸ் பெட்டிங்க மேலயே உக்காந்து சாப்பிடுவாங்க, அதெல்லாம் எடுக்க வேண்டியதுதான், யார் வேணாம்னா. ஆனா ராத்திரி ஆட்டம் ஆரம்பிச்ச உடனே நம்மாளுங்க பாதிப் பேரு கேமராவ பைக்குள்ள வெச்சுட்டு சாப்பிட ஹாக்கர் சென்டர் பக்கம் போயிடுறாங்களே, அதான் எனக்கு ஆகல. அந்தம்மா மேக்கப் போட்டதே மேடை ஏறத்தான!

மேடை ஓரத்துல டிரம் அடிக்கிறவர யாராவது எடுத்திருக்கீங்களா? மொத்த ஆட்டமும் அவரு கையில. நடிகர் கால எப்ப எடுத்து வைக்கணும், பாட்டு எங்க ஆரம்பிக்கணும், சண்டை எங்க நிக்கணும், எல்லாம் அந்தக் குச்சி அடியிலதான் போகும், வாத்தியக்காரங்க கண்ணு எல்லாம் அவர் மேலயே இருக்கும். அதே மாதிரி தெருவுல ஆடுற ஹொக்கியன் நாடகத்துல முழு ஸ்கிரிப்ட் இல்லாம ஆடுறதும் உண்டு. ஆட்டத்துக்கு முன்னாடி ஒருத்தர் கதைய மட்டும் சொல்லி யார் எப்ப வரணும்னு பிரிச்சுக் குடுத்துடுவாரு, மீதி வசனம் மேடைலயே வரணும். அப்படி நின்ன இடத்துல வசனம் பிடிக்கிற ஆளத்தான் நம்ம படத்துல பாவப்பட்ட பாட்டியாக் காட்டிட்டு இருக்கோம்.

அப்புறம் இந்த "அழிந்து வரும்". ஏதோ இலை தானா உதிர்ற மாதிரி எழுதுறாங்க. ஸ்மித் ஸ்ட்ரீட்ல 1887-லயே லை சுன் யுவென்னு தனி தியேட்டர் கட்டி ஆடின கலைங்க இது. 1979-ல லீ குவான் இயூ சீனங்க வட்டார மொழிய விட்டுட்டு பொதுச் சீன மொழியான மாண்டரின் பேசுங்கன்னு இயக்கம் ஆரம்பிச்சாரு, அடுத்த சில வருஷத்துல டிவி, ரேடியோல இருந்து ஹொக்கியன், டியோசூ, கான்டனீஸ் எல்லாம் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. வீட்டுல சீன வட்டார மொழி அதிகமாப் பேசுறவங்க 2010 சென்சஸ்ல 14.3 சதவீதம், 2020-ல 8.7. பேரனுக்குப் பாட்டி பேசுற பாஷையே புரியலன்னா அவன் எங்க வந்து ரெண்டு மணி நேரம் டியோசூ பாட்டு கேக்கப் போறான்? சினிமா, கெத்தாய் பாட்டுக் கச்சேரி, செலவு, இதெல்லாமும் காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா மொழியப் பத்தி ஒரு வரி கூட இல்லாம "காலம் மாறிப்போச்சு"ன்னு கேப்ஷன் போடுறது சும்மா சோகம் காட்டுறது, அவ்ளோதான்.

இன்னொண்ணு, இது நம்ம சோகத்துக்காக நடக்குற ஆட்டமும் இல்ல. சாமிக்கும், ஏழாம் மாசம் வர்ற ஆவிகளுக்கும் ஆடுறது. கோயிலும் ஏழாம் மாசச் சங்கங்களும்தான் புக் பண்றாங்க, சங்கத்து டின்னர்ல மங்கலப் பொருள ஏலம் விட்டு அடுத்த வருஷக் காசு சேர்க்குறாங்க. காலி நாற்காலிய எடுத்துப் போட்டு "பார்க்க ஆளில்ல"ன்னு எழுதுற தம்பிங்க, முன் வரிசைய ஆவிகளுக்குன்னே காலியா விடுற வழக்கம் இருக்குன்னு யாரையாவது கேட்டுட்டு எழுதலாம்.

தாய்லாந்துல டியோசூ ட்ரூப்புகள்ல சீன வம்சமே இல்லாத ஈசான் (வடகிழக்குத் தாய்லாந்து) பக்கத்து ஆளுங்க நிறைய, வசனத்த தாய் எழுத்துல எழுதி மனப்பாடம் பண்ணிப் பாடுறாங்க. எனக்கு அதுதான் பெரிய கதையாத் தெரியுது. "பழமை"ங்கற ஃபிரேமுக்குள்ள அடங்காததால அத எடுக்க ஆள் கம்மி.

டெக்னிக்கலா கேக்குறவங்களுக்கு: டியூப் லைட்டும் எல்இடியும் கலந்து முகம் பச்சையடிக்கும், ரா-வுல எடுங்க. சைலன்ட் ஷட்டர் போட்டா கோடு கோடா விழும், 1/50 இல்ல 1/100-ல வெச்சுப் பாருங்க. 1/50-ல டிரஸ்ஸோட அந்த நீள வெள்ளைக் கைத்துணி வீசுறப்ப கலங்கும், கலங்கட்டும், நல்லாத்தான் இருக்கும். பிளாஷ் வேணவே வேணாம். பேரு, ட்ரூப், நாடகம், தேதி நாலும் கேப்ஷன்ல இருக்கணும், இல்லன்னா நாப்பது வருஷம் கழிச்சு அந்தப் படத்த வெச்சு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

எடுத்தத அவங்களுக்கும் அனுப்புங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹொக்கியன் நடிகை இருக்காங்க, எனக்கு அவங்க பாஷை வராது, அவங்களுக்கு என் பாஷை வராது, பாசார் மலாய்லயே, அதான் சந்தைல பேசுற எளிய மலாய், ஓட்டிப்போம். கண்ணாடி முன்னாடி எடுத்த என்னோட "ஆர்ட்" படத்தப் பார்த்து, இதுல கிழவியா இருக்கேன் வேணாம்னுட்டாங்க. அவங்க கேட்டு வாங்கினது முதுகுல நாலு கொடி கட்டி, ஈட்டியோட, ஃபுல் கலர்ல படைத்தளபதி வேஷத்துல நிக்கிற படம். இப்ப வாட்ஸ்அப் டிபி அதான்.