சேன் சுல்பீஸ் தேவாலயத்தின் பித்தளைக் கோடு 'ரோஸ் லைன்' இல்லை

பாரிஸின் சேன் சுல்பீஸ் பங்குக் கோவில் படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது: 'தரையில் ஓடும் பித்தளைக் கோடுதான் ரோஸ் லைன், உலகின் பழைய பூஜ்ஜியத் தீர்க்கரேகை, கோவிலே எகிப்தியப் பெண் தெய்வமான ஐசிஸின் ஆலயத்தின் மேல் கட்டியது, ஜன்னலில் உள்ள P, S எழுத்துகள் ரகசிய சங்கத்தின் முத்திரை.' ஒரு த்ரில்லர் நாவல் பரப்பிய கதை இது.

பழைய பூஜ்ஜியத் தீர்க்கரேகையாகப் பயன்பட்ட பாரிஸ் தீர்க்கரேகை இந்தக் கோவிலுக்குக் கிழக்கே சுமார் 100 மீட்டர் தள்ளிப் போகிறது. 'ரோஸ் லைன்' என்று அதற்கு யாரும் பெயர் வைத்ததும் இல்லை.

சரி, அப்போ கோடு எதற்கு? ஈஸ்டர் நாளைக் கணிக்க, பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவு நாளைத் துல்லியமாக அறிய வேண்டும். பங்குத்தந்தை லாங்கே த ஜெர்ஜி 18ஆம் நூற்றாண்டில் ஏற்பாடு செய்த சூரியக் கருவி இது. 1743இல் வானியலாளர் ல மொன்னியே முடித்தார். தெற்கு ஜன்னல் துளை வழியே நண்பகல் வெயில் ஒரு வட்டமாகத் தரையிலுள்ள இந்தக் கோட்டின்மேல் விழும். டிசம்பரில் சூரியன் தாழ்ந்திருப்பதால் அந்த வட்டம் வடக்கே நீண்டுபோய், சுவரையொட்டி நிற்கும் பளிங்குத் தூணில் ஏறிவிடும். தூண் அங்கே நிற்கும் காரணமே அதுதான். எனக்கு நாவலைவிட இதுதான் சுவாரஸ்யம்!

ஐசிஸ் ஆலயம் இருந்ததற்குத் தடயம் கிடையாது. இப்போதைய கட்டடம் 1646இல் தொடங்கியது. P என்றால் பியேர், அதாவது பேதுரு. S என்றால் சுல்பீஸ். கோவிலின் பாதுகாவலர்கள் இருவர் பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான்.