கொழுப்பில் கரையும் வைட்டமின் டி, கொலஸ்ட்ராலில் ஏறி ஊர் சுற்றுவதில்லை

'வைட்டமின் டி கொழுப்பில் கரையும் சத்து.' இந்த ஒரு வரியிலிருந்து இரண்டு தப்பான முடிவுகள் கிளம்பிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை போட்டால் வைட்டமின் டி இறங்கிவிடும் என்பது ஒன்று. வைட்டமின் டி-யை ஏற்றிவிட்டால் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) தானாக இறங்கும் என்பது இன்னொன்று. முதலாவதை நம்பிக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துகிறவர்களும், இரண்டாவதை நம்பி மாத்திரையே தொடங்காதவர்களும் இருப்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

லேப் ரிப்போர்ட்டில் வருவது 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. கல்லீரல் மாற்றி ரத்தத்தில் விடும் வடிவம் அது. அதில் சுமார் 85 சதவீதம், 'வைட்டமின் டி பிணைப்புப் புரதம்' என்ற தனிப் புரதத்தோடு ஒட்டியிருக்கும். மீதியில் ஏறக்குறைய எல்லாமே ஆல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதத்தோடு. எதிலும் ஒட்டாமல் இருப்பது 0.1 சதவீதத்துக்கும் கீழே. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்.டி.எல்., எச்.டி.எல். துகள்களுக்கு இந்தக் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி பங்கில்லை. பிணைப்புப் புரதத்தில் உள்ள இடங்களிலும் மிகச் சிறு பகுதிதான் நிரம்பியிருக்கும். ஆகவே கொலஸ்ட்ரால் குறைந்தால் வைட்டமின் டி-யைச் சுமக்க ஆளில்லாமல் போகும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கொழுப்புத் துகள்களுக்கு உண்மையிலேயே வேலை இருப்பது ஒரே ஒரு கட்டத்தில், அதாவது வைட்டமின் டி வாய்வழியாக வரும்போது. பித்த உப்புகள் கரைத்துக் கொடுக்க, சிறுகுடல் செல்கள் அதை உணவுக் கொழுப்போடு சேர்த்துக் கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துகள்களில் அடைக்கின்றன. அவை நிணநீர் வழியாகப் போய் ரத்தத்தில் கலக்கின்றன. இதெல்லாம் சாப்பிட்ட பிறகான சில மணி நேரக் கதை. தோலில் உருவாகும் வைட்டமின் டி இந்த வழிக்கே வருவதில்லை. 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் பட்டு உருவாகி, நேராகப் பிணைப்புப் புரதத்தில் ஏறிக்கொள்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவது இதுதான். வைட்டமின் டி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல், கொஞ்சம் எண்ணெய்ப் பசையுள்ள பெரிய வேளைச் சாப்பாட்டோடு போடுங்கள். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 50,000 யூனிட்டை ஒரே தடவையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்புள்ள உணவோடு எடுத்தவர்களுக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் இருந்த வைட்டமின் டி3 (மாத்திரையில் கொடுத்த வடிவம்), கொழுப்பில்லா உணவோடு எடுத்தவர்களைவிட 32 சதவீதம் அதிகம். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் கொலஸ்டிரமின் மருந்தும், குடலில் கொழுப்பைச் செரிக்கவிடாத ஆர்லிஸ்டாட் மருந்தும் இதே இடத்தில்தான் குறுக்கிடுகின்றன. கொலஸ்டிரமினுக்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ வைட்டமின் டி எடுக்க வேண்டும். ஆர்லிஸ்டாட் என்றால் குறைந்தது 2 மணி நேர இடைவெளி.

கொலஸ்ட்ராலைக் குறைக்க எழுதித் தரும் ஸ்டேட்டின் மாத்திரைகளின் விஷயம் வேறு. தோலில் வைட்டமின் டி-க்கு மூலப்பொருளான 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால், கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையில்தான் இருக்கிறது. பயம் அங்கிருந்து வருகிறது. ஆனால் ஸ்டேட்டினின் முக்கிய வேலைக்களம் கல்லீரல். ஸ்டேட்டினால் வைட்டமின் டி குறைபாடு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டேட்டினை இந்தக் காரணத்துக்காக நிறுத்துவது இதயத்தோடு விளையாடுவது.

சரி, வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களிடம் ட்ரைகிளிசரைடு கூடியும் எச்.டி.எல். குறைந்தும் காணப்படுகிறதே? உண்மைதான். பெரும்பாலும் இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். உடற்பருமன் முதல் சந்தேக நபர்: அது ட்ரைகிளிசரைடை ஏற்றும்; வைட்டமின் டி-யோ பெருத்த கொழுப்புத் திசுவுக்குள் பரவி, ரத்தத்தில் குறைந்து தெரியும். எளிதில் தவறவிடக் கூடியது சிறுநீரகம். சிறுநீரக வடிகட்டி பழுதாகும் நெஃப்ராட்டிக் நோயில் ஆல்புமினோடு பிணைப்புப் புரதமும் சிறுநீரில் கசிகிறது, வைட்டமின் டி-யையும் இழுத்துக்கொண்டு. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் புரத உற்பத்தியைக் கூட்டும்போது கொழுப்புத் துகள்களும் அதிகமாகின்றன. அவை ரத்தத்திலிருந்து அகல்வதும் மந்தமாகிறது. ரிப்போர்ட்டில் வைட்டமின் டி பாதாளத்தில், கொலஸ்ட்ரால் உச்சத்தில். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்து இப்படி எண்கள் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர்ப் புரதம். கர்ப்ப காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையிலும் நடப்பது தலைகீழ்: பிணைப்புப் புரதமும் ட்ரைகிளிசரைடும் சேர்ந்தே உயரும். மொத்த வைட்டமின் டி எண் கூடித் தெரியும். ஒட்டாமல் இருக்கும் பகுதி அதே அளவு கூடியிருக்காது.

பரிசோதனையிலும் ஒரு சிக்கல். ட்ரைகிளிசரைடு மிக அதிகமானால் சீரம் (ரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதி) பால் போலக் கலங்கிவிடும். எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் சில இம்யூனோஅஸ்ஸே கருவிகள் அதில் வைட்டமின் டி-யைத் தப்பாக அளக்கலாம். அப்போது மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் கொடுங்கள். மற்றபடி இந்தப் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை. 25-ஹைட்ராக்சி வடிவத்தின் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம்) 2 முதல் 3 வாரம். காலையில் சாப்பிட்டதால் அது மாறாது. டோஸை மாற்றினால் 3 மாதம் கழித்துப் பாருங்கள்.

வைட்டமின் டி இதய நோயைத் தடுக்குமா என்பதற்கும் பதில் வந்துவிட்டது. அமெரிக்காவின் 'வைட்டல்' என்ற ஆய்வில் 25,871 பேர். பாதிப்பேருக்குத் தினம் 2,000 யூனிட், சுமார் 5 ஆண்டுகள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. எலும்புக்காக, குறைபாட்டுக்காக எடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ட்ரைகிளிசரைடு இறங்கட்டும் என்று வாராவாரம் 60,000 யூனிட்டை மாதக்கணக்கில் தானாகப் போட்டுக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெரியவர்களுக்கு மேல் வரம்பு தினம் 4,000 யூனிட். அப்படி ஏற்கெனவே எடுத்து, தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கியிருந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் டி-யோடு கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.