அது வாயு இல்லீங்க

நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். இறந்துபோனவருக்கு 46 வயது. ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்றவருக்கு ஓமத் தண்ணி கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். "நெஞ்சு வலிச்சா காத்திருக்காதீங்க, உடனே ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடுங்க" என்று நான் எழுதினேன். "துக்க வீட்டுல பாடம் எடுக்காதீங்க அக்கா" என்று ஒரு தம்பி. அதற்கு 11 கைதட்டல்.

பாடமா தம்பி?

2009-இல் என் அப்பாவுக்கும் வாயு என்றுதான் சொன்னோம். சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டு சோபாவில் இடது தோளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வியர்த்து பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அம்மா இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார். "காலையில பாலிகிளினிக் போய்க்கலாம்ப்பா" என்று சொன்னது நான். நாலரை மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

ரத்தக்குழாய் அடைத்துவிட்டால் நிமிடத்துக்கு நிமிடம் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். வாயுவா மாரடைப்பா என்பதை ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும். வீட்டில் உட்கார்ந்து நாம் சொல்ல முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். பெண்களுக்கு மூச்சு வாங்கலாம், தாடை வலிக்கலாம், காரணமே இல்லாமல் உடம்பு ஓய்ந்துபோகலாம். அதையும் "வேலை அதிகம்" என்று தள்ளிவிடுகிறோம்.

"தினமும் ஓடுறவனும்தான் சாகிறான்" என்பீர்கள். உண்மை, பரம்பரையும் இருக்கிறது. அதிலும் நம் இந்தியர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரமே வருகிறது. அதனால்தான் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறேன். 40 வயதானால் ஹெல்தியர் எஸ்ஜி என்ற சிங்கப்பூர் அரசின் சுகாதாரத் திட்டத்தில் பதியலாம். குடிமக்களுக்குக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை இலவசம். பதியச் சொல்லி வரும் எஸ்எம்எஸ்ஸை அழித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பவர்களிடம் என்ன பேசுவது?

"ஆம்புலன்ஸ் வந்து ஒண்ணுமில்லைன்னா மானம் போயிடும்." போகட்டுமே! உயிரோடு வெட்கப்பட்டுக்கொள்ளலாம்.

விதி என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். கைதட்டிய அந்த 11 பேரில் இரண்டு பேர், அப்பா போன அன்று எங்கள் புளோக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டு "அவரு நேரம் வந்துடுச்சும்மா" என்றவர்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள், தெரியும். ஆனால் அதற்கு முந்தின ராத்திரி யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருந்தால், "என்னடி காலையில போறது, இப்பவே கூப்பிடு" என்று கத்தியிருந்தால், நான் கூப்பிட்டிருப்பேன்.

எல்லோரும் போன பிறகு, அப்பா பாதி குடித்து வைத்த இஞ்சித் தண்ணி டம்ளரைக் கழுவியதும் நான்தான். என்னை எழுதாதே என்கிறீர்கள்.