கோஹாவை யாரும் வாங்கிவிடவில்லை

"கோஹாவை அமெரிக்க கம்பெனி வாங்கிவிட்டது, இனி நூலகங்கள் பணம் கட்டணும்" என்று கொழிஞ்சாம்பாறைப் பக்க நூலகக்காரர்களின் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தி பொய். கோஹா என்பது நூலகத்தின் புத்தகப் பட்டியலையும் இரவல் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்.

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது இது. உரிமம் ஜிபிஎல், அதாவது யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்கிற திறந்தமூல உரிமம்; கொடுத்த நிரலைத் திரும்பப் பிடுங்க வழியில்லை. வதந்திக்கு வேர் ஒன்று உண்டு: அமெரிக்க நிறுவனம் ஒன்று 'கோஹா' என்ற பெயரை நியூசிலாந்தில் வணிகக்குறியாகப் பதியக் கேட்டது. 2013-ல் அது நிராகரிக்கப்பட்டது. (நியூசிலாந்துப் பழங்குடியினரின் மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அதற்கே பட்டா கேட்டார்கள்!)

முதலாளி கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு; வெளியீட்டுப் பொறுப்பாளரைச் சமூகமே கூட்டத்தில் வாக்களித்துத் தேர்கிறது. ஒருவர் எழுதிய திருத்தத்தை வேறொருவர் சோதித்து ஒப்பமிட்ட பிறகும் தரச்சோதனை உண்டு.

சர்வருக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு வேறு. அதை உரிமக் கட்டணம் என்று யாராவது பில் நீட்டினால் கட்டாதீர்கள்.