விடியற்காலை நாலரை மணிக்கு உடைந்த குரல்

இரண்டு நாளாக எல்லோர் போனிலும் சுற்றுகிற அந்த 40 நொடி வீடியோவைப் பற்றித்தான். லிங்க் போட மாட்டேன், பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருக்கூத்து. துகில் படலம், அதாவது பாஞ்சாலியின் சேலையை உரிகிற கதை. பாஞ்சாலி வேஷம் கட்டியவர் ஒரு ஆண் கலைஞர். மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது உச்சத்து 'ஸ'வுக்கு, ஏறும்போது குரல் கிழிந்து வெறும் காற்று வருகிறது. கூட்டத்தில் யாரோ சிரிக்கிறார்கள். "சாதகம் (பாட்டுப் பயிற்சி) பத்தலை", "வயசாச்சுன்னா வீட்டுல உக்காரணும்" என்று கீழே எழுதியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதுதான் ரொம்ப வலிக்கிறது.

அது விடியற்காலை நாலரை மணிக்கு எடுத்தது. கூத்து தொடங்கியது முந்தின இரவு பத்து மணிக்கு. ஆறரை மணி நேரம் அந்தத் தொண்டை வேலை செய்திருக்கிறது.

குரல் என்பது சதை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு ஆணின் குரல்நாண் கட்டைவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். சாதாரணமாகப் பேசும்போதே அது நொடிக்கு 100, 120 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகிறது. ஆண்களுக்கு உயரமான ஐந்து கட்டை சுருதியில் மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நின்றால் நொடிக்கு சுமார் 390 முறை. பத்து நிமிடம் விடாமல் கைதட்டினால் உள்ளங்கை சிவந்துவிடுகிறதே, தொண்டைக்குள் இருப்பது அதைவிட மெல்லிய சவ்வு. இரவு முழுக்க மோதினால் அது வீங்கும். வீங்கினால் கனக்கும். கனத்தால் மேல் ஸ்தாயியில் வேகமாக அதிர முடியாது. அப்போதுதான் குரல் பிளக்கும். அந்த 40 நொடியில் நடந்தது பெரும்பாலும் இதுதான். சாதகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதோடு அந்த ஒப்பனையையும் பாருங்கள். ராஜா, வீரன் போன்ற கட்டை வேஷங்களுக்குப் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்தவை. இடுப்பையும் மார்பையும் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பாடுகிறவர் மூச்சு இழுக்கும்போது கீழ் விலாவும் வயிறும் விரிய வேண்டும். அங்கே கயிறு இருந்தால் மூச்சு மேல் மார்பில் நின்றுவிடும், தோள்தான் தூக்கும். காற்றின் பலம் குறைகிற அளவுக்குத் தொண்டைத் தசையை நெரித்துத்தான் சத்தம் கொண்டுவர வேண்டியிருக்கும். பெண் வேஷத்துக்குக் கட்டை வேஷத்தைவிடக் கனம் குறைவு, சரி. இறுக்கம் குறைவில்லை.

"அந்தக் காலத்தில் மைக் இல்லாமலே ஐந்து கட்டையில் பாடலையா, கிட்டப்பா பாடலையா?" என்று பழைய நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். பாடினார், யார் மறுத்தது? அன்றைக்கு ஊரே அமைதியாக இருந்தது. இன்றைக்கு ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர், நாலு மூலையிலும் கூம்பு ஸ்பீக்கர், அத்தனையும் ஜனத்தைப் பார்த்து. பாடுகிறவருக்குத் தன் குரல் காதில் விழாது. சத்தத்துக்கு நடுவில் நிற்கிற மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே எழுதிவிட்டார். மைக் இருந்தும் கத்துகிறார்கள் என்றால் காரணம் இதுதான். மேடையைப் பார்த்து ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர் திருப்பி வைத்திருந்தால் தொண்டையை நெரிப்பது எவ்வளவோ குறைந்திருக்கும். அதைப் பற்றி ஒரு கமெண்ட் கூட இல்லை.

இன்னொன்று. கிட்டப்பாவை நமக்குத் தெரியும், ஏனென்றால் அவர் குரல் நிலைத்தது. குரல் நிலைக்காதவர்கள்? சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு என்று சொல்வார்களே, பையன்களுக்கு 13, 14 வயதில் குரல் உடைவது. குரல்வளை வளர்ந்து, நாண் நீண்டு தடித்து, சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அந்த மாதங்களில் பழைய கட்டையிலேயே பாடச் சொன்னால் தசை குழம்பிவிடும். குரல் போனால் பாட்டு வேஷமும் போகும். ஏழெட்டு வயதில் வீட்டை விட்டு வந்த பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேர் குரல் திரும்பாமல் போனது என்று யார் கணக்கு வைத்தார்கள்? அன்றைக்கும் "சாதகம் பத்தலை" என்றுதான் சொல்லியிருப்போம்.

அடுத்து, கமெண்டில் வைத்தியம் சொல்கிறவர்கள். பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், சித்தரத்தை, தேன். பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், பொறுமையாகக் கேளுங்கள். விழுங்குகிற எதுவும் குரல்நாண் மேல் படாது. ஒரு சொட்டு பட்டாலும் புரையேறி இருமித் தள்ளிவிடுவோம். அதிமதுரம் தொண்டையின் பின்சுவருக்கு இதம் தரும், எச்சில் ஊறும், நல்லது. ஆனால் வீங்கிய நாண் அதனால் வற்றாது. தண்ணீர்கூட ரத்தத்தில் கலந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். அதனால் மேடையேறும்போது ஒரு சொம்பு குடித்துப் பயனில்லை, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்க வேண்டும். நேராக நாணைத் தொடுவது மூச்சோடு போகும் ஈரம்தான். மருந்து எதுவும் போடாத வெந்நீர் ஆவி ஐந்து நிமிடம் பிடித்தால் போதும்.

இதைவிட ஆபத்தான யோசனைகளும் அங்கே இருக்கின்றன. குசுகுசுவென்று பேசச் சொல்கிறார்கள். பலருக்கு அது குரல்வளையை இன்னும் இறுக்கும். கனைத்துச் சரிசெய்யச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கனைப்பும் வீங்கிய இரண்டு நாண்களையும் ஓங்கி அறைவது, அதற்குப் பதில் எச்சிலை விழுங்கலாம். உடம்பு வலிக்கு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு பாடலாமாம். நாணில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய் உயர் சுருதியில் வெடித்தால் ஆஸ்பிரின் ரத்தத்தை உறைய விடாது.

"பீடி, குடி?" என்றும் கேட்கிறார்கள். புகை கெடுதல்தான். ஆனால் அவர் புகைப்பாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

கூத்துக்காரரோடு இது முடியவில்லை. 45 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஃபேன் சத்தத்துக்கு மேல் நாள் முழுக்கப் பாடம் எடுக்கிற டீச்சருக்கும் இதேதான். பெண்களின் நாண் இன்னும் குட்டை, பேச்சிலேயே நொடிக்கு 200 முறை மோதும். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் முத்து வெள்ளையில் இருக்க வேண்டிய இரண்டு நாண்களும் சிவந்து, முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், எதிரெதிரே இரண்டு சின்ன மொட்டுகள். காய்ப்பு. கலப்பை பிடித்த கையில் வருவது போலத்தான். மூடும்போது மொட்டுகள் முட்டிக்கொள்ளும், அதற்கு முன்னும் பின்னும் இடைவெளி, அதன் வழியே காற்று கசியும். அந்தக் கசிவைத்தான் பிள்ளைகள் வகுப்பில் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் பெரியவர்களும் சிரிக்கிறார்கள். கலப்பை பிடித்துக் காய்த்த கையைப் பார்த்து யாராவது சிரிப்போமா? கைக்கு ஒரு நியாயம், தொண்டைக்கு ஒரு நியாயமா?

காய்ப்பு புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் அறுவை சிகிச்சையே தேவைப்படாது. சில வாரக் குரல் பயிற்சியிலேயே பெரும்பாலும் வற்றும். எளிய பயிற்சி ஒன்று: அரை பாட்டில் தண்ணீரில் ஜூஸ் ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழம் விட்டு, "ஊ" என்று மெதுவாக ஒலித்தபடி ஊத வேண்டும். குமிழி சீராக வர வேண்டும், கன்னம் தளர்வாக இருக்க வேண்டும். கீழிருந்து மேலே சறுக்கி ஏறி இறங்கலாம். ஆட்டத்துக்கு முன் மூன்று நிமிடம், முடிந்தபின் மூன்று நிமிடம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

"ஓசியில் ஆலோசனை சொல்லிப் பேர் வாங்கப் பார்க்கிறாய்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

விழாக் கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: மேடையைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் வையுங்கள், ஜெனரேட்டரைத் தள்ளி வையுங்கள். ஆர்மோனியக்காரரிடமும் ஒரு வேண்டுகோள். இரவு மூன்று மணிக்கு மேல் அரைக் கட்டை இறக்கினால் கதை கெடாது. யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள்.

அந்தக் கலைஞரின் அடுத்த ஆட்டம் சனிக்கிழமை என்று அந்த வீடியோவுக்குக் கீழேயே போஸ்டர் போட்டிருக்கிறார்கள். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது அவரிடம் சொல்லுங்கள். வழக்கமான கரகரப்பு என்றால் மூன்று வாரம் வரை பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் அவருடையது பாடும்போதே சட்டென்று போனது, உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை குசுகுசுப்பு கூட வேண்டாம், எழுதிக் காட்டட்டும். சனிக்கிழமைக்கு முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு யாராவது கூட்டிப் போய்விடுங்கள். காலையிலேயே போனால் வரிசை குறைவாக இருக்கும்.